கணினி அறிவோம்: முகவரி தப்பினால்?

2007 நவம்பர் 23-இல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் மாவட்டம் மறுபடியும் பிரிந்தது. ஜெயங்கொண்டம் அரியலூர் பக்கம் போனது. பழைய பழக்கத்தில் ஒருவர் இணையதளத்தில் 'பெரம்பலூர்/ஜெயங்கொண்டம்' என்று தட்டினால்?

ஒரே பக்கமாக இயங்கும் தளத்தில், முகவரியைப் பார்த்து உரிய பகுதியைத் திறப்பது 'ரூட்டர்'. ஆங்குலரில் அது பட்டியலை மேலிருந்து கீழே பார்க்கும். முதலில் பொருந்துவதையே எடுக்கும்.

1. இடம் மாறிய முகவரியா? புது முகவரிக்குத் திருப்பிவிடணும்.

2. எதிலும் சேராததா? இரட்டை நட்சத்திரக் குறி (**) போட்ட வரி பிடிச்சுக்கும். அது கடைசியில்தான் இருக்கணும். மேலே வைத்தால் அதற்குக் கீழே உள்ள பகுதி ஒண்ணும் திறக்காது! பகுதிகளைத் தனித்தனியாக எழுதிச் சேர்த்தாலும் இதே விதிதான்.

தெரியாத முகவரி வந்தால் சத்தமில்லாமல் முகப்புக்கு அனுப்பாதீங்க. 'இந்தப் பக்கம் இல்லை' என்று சொல்லி, வழி காட்டுங்க. வந்தவர் உதவித்தொகை விண்ணப்பம் தேடும் மாணவராக இருக்கலாமே!