பிள்ளைகளின் முதுகெலும்பு

தராசுத் தட்டு சற்றே சாய்ந்தாலும் கடைக்காரர்களாகிய நம் கண்ணில் பட்டுவிடுகிறது. பெற்ற பிள்ளையின் தோள் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதோ வருஷக்கணக்கில் தெரிவதில்லை. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து முறுக்கிக்கொள்ளும் இக்கோளாறை ஸ்கோலியோசிஸ் என்கிறார்கள் வைத்தியர்கள். பெரும்பாலும் பத்து வயதுக்கு மேல், பிள்ளை மளமளவென்று வளரும் பருவத்தில் தோன்றுகிறது. வளைவு முற்றுவது பெண் பிள்ளைகளிடமே அதிகம். ஆரம்பத்தில் வலி இராது. ஆகவே பிள்ளையும் வாய் திறப்பதில்லை.

இவ்விஷயத்தில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் சர்வகலாசாலையார் செய்த காரியம் கவனிக்கத்தக்கது. 1991, 1992-ம் ஆண்டுகளில் அவ்வட்டாரத்தில் பிறந்த பல்லாயிரம் குழந்தைகளை அவர்கள் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். எலும்பின் அடர்த்தியை அளப்பதற்காக, டெக்ஸா என்னும் இயந்திரத்தால் அப்பிள்ளைகளின் உடம்பு முழுவதையும் படமெடுத்தார்கள். முதியோரின் எலும்பு பலவீனத்தைக் காண்பதற்கென்று பெரிதும் உபயோகப்படும் இயந்திரம் அது. கதிர் வெகு சொற்பம். அளவெடுத்தபின் சும்மா கிடந்த படங்களையே டாக்டர் எம்மா கிளார்க் குழுவினர் திரும்ப எடுத்து, முதுகெலும்பின் வளைவை அளந்தார்கள். பதினைந்து வயதில் நூற்றுக்கு ஏறக்குறைய 6 பேருக்கு வளைவு இருந்தது! அநேகமாய்ச் சிறு வளைவுகளே. ஆயினும் அப்பிள்ளைகள் 18 வயதில் முதுகுவலி இருப்பதாக மற்றவர்களைவிட அதிகமாகச் சொன்னார்கள் என்று 2016-ல் வெளியிட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு, பணம் கட்டி டெக்ஸா எடுக்க ஓட வேண்டாம், சகோதரர்களே. அதில் படுக்க வைத்து எடுப்பதால் வளைவு குறைந்தே தெரியும். நிற்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரேதான் முடிவு சொல்லும். அதில் 10 டிகிரியாவது இருக்க வேண்டும்.

முதலில் வேண்டியது தாயின் கண். தொளதொளவென்ற பாஜு குரோங் முதுகை மறைத்துவிடுகிறது. கீழ் விளிம்பு ஒரு பக்கம் இறங்கியிருந்தால் தையற்காரரைக் குறை சொல்லிவிடுகிறோம். (பாவம், அவர் அளவு சரியாகவே இருக்கும்.) பிள்ளையைக் கால்களைச் சேர்த்து நிற்க வைத்து, முன்னால் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டியதே. பள்ளிப் பையின் பாரத்தால் வந்ததென்று பிள்ளையை ஏசாதீர்கள். பை இதற்குக் காரணமன்று.

அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்தி 2013-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பிரேஸ் என்னும் கவசம் அணிந்தவர்களில் நூற்றுக்கு 72 பேருக்கு வளைவு 50 டிகிரியைத் தொடவில்லை; அணியாதவர்களில் 48 பேருக்கே அப்படி. வளரும் பருவத்தில்தான் அக்கவசம் பலிக்கும். புக்கிட் ரம்பாயிலுள்ளவர்கள் அரசாங்க கிளினிக்கில் காட்டி, மலாக்கா ஆஸ்பத்திரியின் எலும்புப் பிரிவுக்குக் கடிதம் கேட்கலாம்.