ரிப்பேர்

"எங்கள் தெரு அடிபம்பு ரிப்பேர்."

எங்கள் மையத்தில் படிக்கும் அக்கா ஒருவர் இப்படி ஒரு கார்டு எழுதினார். தன் கையால் அவர் எழுதிய முதல் கார்டு அது. ஊராட்சிக்குப் போட்டார்.

நான்காம் நாள் மெக்கானிக் வந்தார். புதுச் சங்கிலி கொண்டு வந்தார். சங்கிலி நன்றாகவே இருந்தது! பழுது பூமிக்கு அடியில். ஆளும் கருவியும் கொண்டு அவர் திரும்பி வர இன்னும் ஆறு நாள் ஆனது. அதுவரை வயல் கிணற்றிலிருந்துதான் தண்ணீர் சுமந்தார்கள்.

"நான்தான் எழுதினேனே!" என்று அக்கா வருத்தப்பட்டார். எழுதியது நல்லதுதான். அந்த ஒரு சொல் போதவில்லை.

ரிப்பேர் என்பது ஆங்கிலச் சொல். பழுது பார்ப்பது என்று பொருள். நாமோ பழுதையே ரிப்பேர் என்கிறோம். "ஃபேன் ரிப்பேர் ஆயிடுச்சு" என்றால் ஃபேன் சுற்றவில்லை. "ஃபேனை ரிப்பேர் பண்ணியாச்சு" என்றால் சுற்றுகிறது. ரிப்பேர் ஆனால் கெட்டது, ரிப்பேர் பண்ணினால் சரியானது. வேடிக்கைதான். பேச்சில் இதனால் குழப்பம் வருவதில்லை.

ரசீதில் 'ரிப்பேர் சார்ஜ்' என்று இருக்கும். அது சரி செய்ததற்கான கூலி. ஃபேன் சுற்றாமலே கூலி கேட்டால், "எதைச் சரி செய்தீர்கள்?" என்று கேளுங்கள். ரயில் நிலையத்தில் 'அண்டர் ரிப்பேர்' என்ற பலகை இருந்தால், பழுது பார்க்கும் வேலை நடக்கிறது என்று பொருள். 'அவுட் ஆஃப் ஆர்டர்' என்றால் வேலை செய்யவில்லை, அவ்வளவுதான்.

மறுபடி அடிபம்புக்கு வருவோம். 'இந்தியா மார்க் 2' என்ற பம்பு 1970களில் வந்தது. நாட்டின் பல ஊர்களில் இது இருக்கிறது. மேலே கைப்பிடி, பேரிங், சங்கிலி. சங்கிலியில் நீளமான கம்பி தொங்கும். அது குழாய்க்குள் இறங்கி, அடியில் உள்ள சிலிண்டர் வரை போகும். சிலிண்டருக்குள் வாசர் இருக்கும்.

கைப்பிடி பக்கவாட்டில் ஆடுகிறதா? பேரிங் தேய்ந்திருக்கலாம். கைப்பிடி லேசாக இறங்குகிறது, தண்ணீர் மட்டும் வரவில்லையா? வாசர் தேய்ந்திருக்கலாம், கம்பி கழன்றிருக்கலாம். அடியில் உள்ளதைப் பார்க்க, மார்க் 2 பம்பில் குழாய்களை மேலே தூக்க வேண்டும். அது ஒரு ஆளால் ஆகாது.

பிறகு நாங்கள் வகுப்பில் சேர்ந்து எழுதிப் பார்த்த கார்டு இது:

"ஐயா, எங்கள் தெரு அடிபம்பில் திங்கட்கிழமை முதல் தண்ணீர் வரவில்லை. கைப்பிடி லேசாக இறங்குகிறது. சங்கிலி அறுபடவில்லை."

உங்கள் தெருவில் எது பழுதாகி இருக்கிறது? நீங்கள் கண்ணால் பார்த்ததை மூன்று வரியில் எழுதுங்கள்.