மேல்காட்டுத் தண்ணீர் கீழ்க்காட்டை அழித்தால் யார் பொறுப்பு?

பண்ணைக்குட்டை வெட்டுங்க, வரப்பை உயர்த்துங்க, விழுற மழையைக் காட்டுக்குள்ளேயே நிறுத்துங்க என்று ஊர் ஊராகப் பேசுகிறோம். சரி, அந்தக் குட்டை உடைந்து பக்கத்துக் காட்டு மஞ்சளை அடித்துப் போனால் நஷ்டத்துக்கு யார் பதில் சொல்வது?

முதலில், தானாக ஓடுகிற மழைநீர். மேட்டு நிலத்தில் விழுந்து, வாய்க்கால் எதுவும் இல்லாமல் சரிவோடு வழிகிற தண்ணீரைக் கீழ்க்காட்டுக்காரர் வரவிட வேண்டும். 1882ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு இதை மேல்காட்டுக்காரரின் உரிமையாகவே சொல்கிறது. 'உங்க தண்ணி என் காட்டுக்கு வரக்கூடாது' என்று குறுக்கே மண் போட்டு மேல்காட்டுப் பயிரை மூழ்கடித்தால் தப்பு கீழ்க்காட்டுக்காரர் மேல்தான். ஆனால் இந்த உரிமை இயல்பான ஓட்டத்துக்கு மட்டும். பரவலாக வழிந்த தண்ணீரைக் குழாய் வைத்து ஒரே இடத்தில் கொட்டினால் சங்கதி வேறு.

அடுத்து, நாம் தேக்குகிற தண்ணீர். இங்கிலாந்தில் ஒரு ஆலைக்காரர் கட்டிய நீர்த்தேக்கத்துத் தண்ணீர் பக்கத்துச் சுரங்கத்தில் புகுந்தது. அவர் மேல் கவனக்குறைவு இல்லாவிட்டாலும் தேக்கியவரே பொறுப்பு என்று 1868இல் தீர்ப்பானது. ரைலண்ட்ஸ் – பிளெட்சர் வழக்கு என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான். அதே விதியைப் பிடித்துக்கொண்டு மதராஸ் ரயில்வே கம்பெனி கார்வேட்நகர் ஜமீன்தார் மேல் வழக்குப் போட்டது. அவர் ஜமீனில் இரண்டு ஏரிகள் பெருமழையில் உடைந்து ரயில் பாலங்களைச் சேதப்படுத்தியிருந்தன. லண்டன் பிரிவி கவுன்சில் 1874இல் கம்பெனியின் வாதத்தை ஏற்கவில்லை. ஏரிகள் தொன்றுதொட்டு இருப்பவை, மக்கள் பிழைப்புக்கு அவசியமானவை, அவற்றைப் பராமரிப்பது ஜமீன்தாரின் கடமை. கரையை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டவர் மேல் பொறுப்பைச் சுமத்த முடியாது என்றது. ஏரி என்றால் என்ன என்று சீமை நீதிபதிகளுக்கே புரிந்திருக்கிறது பாருங்கள்.

நேற்று வெட்டிய நம்ம குட்டைக்கும் அந்தச் சலுகை அப்படியே கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். கரை இறுகவில்லை, உபரித் தண்ணீர் போக வழி விடவில்லை, எலி வளையை அடைக்கவில்லை என்று கீழ்க்காட்டுக்காரர் காட்டிவிட்டால் இழப்பீடு கொடுக்கத்தான் வேண்டும்.

ராத்திரியோடு ராத்திரியாக வரப்பை வெட்டிவிடும் வேலையும் அப்படித்தான். வரப்போகும் வெள்ளத்துக்கு முன்கூட்டியே, ஓடையை அடைக்காமல், கரை போட்டுக் காத்துக்கொள்ளலாம். உள்ளே வந்து நின்றுவிட்ட தண்ணீரை அடுத்தவர் காட்டில் தள்ளக்கூடாது. 1884இல் இங்கிலாந்தில் ஒரு ரயில்வே கம்பெனி, தன் கரையோரம் தேங்கிய மழைநீரைக் கால் வெட்டிப் பக்கத்து நிலத்தில் விட்டு, இதற்காகவே தோற்றது.

நஷ்டப்பட்டவர் தண்ணீர் வடிவதற்குள் உடைப்பையும் பயிரையும் தேதியோடு படம் எடுத்துவிட வேண்டும். வி.ஏ.ஓ.வைக் கூட்டிவந்து காட்டி, அடங்கலில் பயிர் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். புலப்படத்தில் பழைய வாய்க்கால் இருந்தால் அது பெரிய சாட்சி. இயற்கைச் சான்று வாங்கியவர்கள், மேல்காட்டு ரசாயனத் தண்ணீர் புகுந்த நாளைப் பண்ணைக் குறிப்பேட்டில் எழுதி, சான்று தருபவர்களுக்கும் தெரிவித்துவிடுங்கள். ஊர்ப் பேச்சில் தீர்த்துக்கொள்வது நல்லதுதான். ஆனால் இழப்பீட்டு வழக்குக்குக் கெடு 3 ஆண்டு.