ஊசி போடாதவளுக்கு அங்கே என்ன வேலை?

கேள்வி: எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) படிக்கும் என் மகளுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் களப்பணி. அங்கே இவளுக்கு என்ன வேலை?
– ஒரு தாய், இடையஞ்சாவடி

பதில்: நிறைய இருக்கிறதம்மா. மரக்காணம் உப்பளத் தொழிலாளி ஒருவர் ஈ.சி.ஆரில் அடிபட்டு வருகிறார் என்று வையுங்கள். முதல் 48 மணி நேரச் சிகிச்சை 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் இலவசம். அதற்குப் பிறகு? முதல்வர் காப்பீட்டு அட்டையைக் கேட்பார்கள். இல்லையென்றால் அதைப் பெற ரேஷன் கார்டு, வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று. ஐ.சி.யூ. வாசலில் கைக்குழந்தையோடு நிற்கும் மனைவிக்கு இதெல்லாம் தலையில் ஏறாது. பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பிட்டாயா என்று முதலில் கேட்டுவிட்டு, பிறகு காகிதத்தைக் கேட்பவள்தான் உங்கள் மகள். பாஸ்டனில் டாக்டர் ரிச்சர்ட் காபட் 1905இல் மருத்துவமனைக்குள் சமூகப் பணியாளரைக் கொண்டுவந்ததும் இந்தத் தேவைக்காகத்தான். ஒன்றை மட்டும் கல்லூரியில் கேளுங்கள்: வாராவாரம் அவளோடு உட்கார்ந்து பேச மேற்பார்வையாளர் இருக்கிறாரா? சாவை நேரில் பார்க்கப் போகிற பிள்ளைக்கு அது கட்டாயம் வேண்டும்.