பேகன் நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

வேலை கிடைத்த செய்தி வந்தது. ரொம்ப மகிழ்ச்சி. டொராண்டோவில் நூலக அறிவியல் முடித்த கையோடு பேகன் சமயத்தாரின் சிறு நூலகம் ஒன்றில் சேர்ந்திருக்கிறாய். "சூனியக்காரிகளுக்கு எதுக்குடி லைப்ரரி?" என்று ஊரிலிருந்து அம்மா போனில் கேட்டதாகவும் எழுதியிருந்தாய். உனக்கு மட்டும் பதில் எழுதினால் போதும்தான். ஆனால் இந்த மாதிரி வேலைக்கு நாளைக்கு வேறு பிள்ளைகளும் வருவார்கள் என்பதால் பத்திரிகைக்கே கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

அம்மாவுக்கு இப்படிச் சொல். விக்கா வழியினர், ட்ரூயிட்கள், வடபுலத் தெய்வங்களைக் கும்பிடும் ஹீத்தன்கள் என்று பேகன்களில் பல கிளைகள் உண்டு. பெரும்பாலோருக்குக் கோயில் கிடையாது, எல்லோருக்கும் பொதுவான மறைநூல் கிடையாது, பரம்பரைப் பூசாரி கிடையாது. பிறப்பால் வந்தவர்கள் குறைவு. ஏதோ ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு வந்தவர்களே அதிகம். 1979 அக்டோபர் 31 அன்று, ஒரே நாளில், அமெரிக்காவில் இரண்டு புத்தகங்கள் வெளிவந்தன: ஸ்டார்ஹாக் எழுதிய 'தி ஸ்பைரல் டான்ஸ்', மார்கோ ஆட்லர் எழுதிய 'டிராயிங் டவுன் த மூன்'. அந்தத் தலைமுறையில் எத்தனையோ பேருக்கு இவற்றில் ஒன்றுதான் வாசற்படி. இப்படி வாசித்தே வளர்ந்த சமயத்துக்கு நூலகம் இல்லாவிட்டால் வேறு யாருக்கு?

இனி உன் வேலைக்கு வருகிறேன். உன்னிடம் வருகிறவர்கள் பழமையைக் கேட்பார்கள். உன் அலமாரியில் இருப்பதோ பெரும்பாலும் ஐம்பது, அறுபது வருடத்துக் காகிதம். இந்த இடைவெளியை மறைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் உன் வேலையின் பாதி என்பேன்.

ஒரு கேள்வி கட்டாயம் வரும். "ஐரோப்பாவில் தொண்ணூறு லட்சம் பெண்களைச் சூனியக்காரிகள் என்று எரித்தார்களாமே, ஆதாரம் கொடுங்கள்." அந்த எண்ணுக்கு ஒரு பிறந்த ஊர் உண்டு. ஜெர்மனியின் க்வெட்லின்பர்க். 1784-இல் கோட்ஃப்ரீட் கிறிஸ்டியான் ஃபோய்க்ட் என்பவர் அந்தச் சிறு நகரத்தின் பழைய வழக்குக் கட்டுகளைப் புரட்டினார். அங்கே கண்ட சில பத்து வழக்குகளை வைத்துக்கொண்டு, நூற்றாண்டுகளாலும் ஐரோப்பாவின் மக்கள்தொகையாலும் பெருக்கிக்கொண்டே போனார். விடை 94,42,994. கடைசி நான்கு பேர் வரை கணக்கு! 1893-இல் மட்டில்டா ஜோஸ்லின் கேஜ் என்ற அமெரிக்கப் பெண்ணுரிமைப் போராளி அதைத் தொண்ணூறு லட்சம் என்று எழுதினார். விக்காவைத் தொடங்கிவைத்தவர் எனப்படும் ஜெரால்டு கார்டனர் 1954-இல் தன் 'விட்ச்கிராஃப்ட் டுடே' நூலில் அதையே திருப்பிச் சொன்னார். இன்றைய வரலாற்றாசிரியர்கள் கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 60,000 வரை இருக்கலாம் என்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் ஆண்கள். இங்கிலாந்தில் தூக்கிலிட்டார்கள், எரிக்கவில்லை.

இதை எப்படிச் சொல்வது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கேட்கிற அம்மாள் அந்த எண்ணை நெஞ்சில் வைத்து அழுதிருப்பார். "அது பொய்" என்று முகத்திலடித்தாற்போல் சொன்னால் மறுபடி உன் பக்கம் வரமாட்டார். அந்த எண் நடந்து வந்த பாதையைக் காட்டு: க்வெட்லின்பர்க், கேஜ், கார்டனர். கூடவே இன்றைய கணக்கைச் சொல்லும் புத்தகத்தையும் மேசைமேல் வை. மீதியை அவரே பார்த்துக்கொள்வார். ஐம்பதாயிரம் கொலை என்பது சின்ன விஷயமில்லை என்றும் சேர்த்துச் சொல்லலாம். எண் சிறுத்தால் துயரமும் சிறுத்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மார்கரெட் மர்ரே விஷயமும் இப்படித்தான். எகிப்தியல் அறிஞரான அவர் 1921-இல் ஒரு புத்தகம் எழுதினார். ஐரோப்பாவில் கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஒரு சமயம் ரகசியமாகத் தொடர்ந்து வந்தது, சூனியக்காரிகள் என்று வேட்டையாடப்பட்டவர்கள் அதன் அடியார்கள் என்றார். 1929-இல் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் சூனியம் பற்றிய கட்டுரையையும் அவரிடமே எழுதச் சொன்னார்கள். தன் கொள்கையை முடிந்த முடிவாகவே அங்கே எழுதிவிட்டார். 1960-களின் இறுதிவரை அது அச்சில் இருந்தது. கலைக்களஞ்சியத்தை நம்பிய பாவத்துக்கு யாரைக் குறைசொல்வது? கார்டனரின் புத்தகத்துக்கு முன்னுரையும் மர்ரேதான். 1999-இல் ரொனால்டு ஹட்டன் 'தி டிரையம்ஃப் ஆஃப் த மூன்' என்ற நூலில், விக்கா இருபதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உருவான சமயம் என்று ஆதாரங்களை அடுக்கிக் காட்டினார். 2010-இல் பென் விட்மோர் என்ற நியூசிலாந்துக்காரர், தானும் பேகனாக இருந்துகொண்டு, ஹட்டனின் ஆதாரங்களை ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டு ஒரு புத்தகம் போட்டார். மூன்றையும் அடுத்தடுத்து வை. ஹட்டன் சொன்னதில் பெரும்பகுதி நிற்கும் என்பது என் கட்சி. ஆனால் நூலகருக்குக் கட்சி இருக்கலாம், அலமாரிக்கு இருக்கக் கூடாது. ஹட்டன் எழுதியதைப் பேகன்களில் பலர் அமைதியாக ஏற்றுக்கொண்டார்கள் என்பதையும் கவனி. வயது குறைந்த சமயம் என்று தெரிந்த பிறகும் சடங்கைவிட்டு அவர்கள் ஓடிப்போகவில்லை.

உனக்கு முன்மாதிரி வேண்டுமானால் பேராசிரியர்களைப் பார்க்காதே. டோரீன் வாலியன்டேயைப் பார். 1953-இல் கார்டனரிடம் தீட்சை பெற்றவர். விக்கா சடங்குப் பாடங்களில் அழகானவற்றில் பல அவர் எழுதியவை. தன்னை 1939-இல் தீட்சைக்குள் கொண்டுவந்தவர் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் வசித்த 'முதிய டோரதி' என்று கார்டனர் சொல்லிவந்தார். அப்படி ஒருத்தி இருந்ததற்கே சான்றில்லை என்று ஜெஃப்ரி ரஸ்ஸல் என்ற வரலாற்றாசிரியர் 1980-இல் எழுதினார். வாலியன்டே கோபப்பட்டு மறுப்பு எழுதிக்கொண்டு உட்காரவில்லை. பதிவேடு தேடக் கிளம்பினார். பிறப்பு, இறப்பு, உயில், முகவரி என்று ஒவ்வொன்றாக.

டோரதி கிளட்டர்பக் என்ற பெயரில் ஒரு பணக்கார அம்மாள் 1951-இல் இறந்திருந்தார். சரி, பிறப்பு? இங்கிலாந்தின் பிறப்புப் பதிவேடுகளில் அவர் பெயர் இல்லை. இந்த இடத்தில் பலர் கைவிட்டிருப்பார்கள். வாலியன்டே விடவில்லை. டோரதி 1880-இல் பிறந்தது இந்தியாவில். அப்பா அங்கே ராணுவ அதிகாரி. வங்காளம், மதராஸ், பம்பாய் என்று மாகாணவாரியாகத் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளைப் பிரதி எடுத்து லண்டனுக்கு அனுப்பும் வழக்கம் அப்போது இருந்தது. இன்றைக்கும் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் அந்த வரிசை இருக்கிறது. என்/1 வங்காளம், என்/2 நம் மதராஸ், என்/3 பம்பாய். ஒரு ஆங்கிலேயச் சூனியக்காரியின் பிறப்பைத் தேடப் போனவர் காலனிக் காகிதத்தில் வந்து நிற்கிறார் பார்! அவர் கண்டதெல்லாம் 1984-இல் ஃபரார் தம்பதியின் 'தி விட்ச்சஸ் வே' நூலுக்குப் பின்னிணைப்பாக வெளிவந்தது.

கதை அங்கே முடியவில்லை. டோரதி என்று ஒருவர் இருந்தார் என்பது ருசுவாயிற்று. அவர் சூனியக்காரிதான் என்பது ருசுவாகவில்லை. அவர் 1940-களில் எழுதிய கவிதை நாட்குறிப்புகள் பின்னால் கிடைத்தன. அவற்றைப் படித்த ஹட்டன், இவர் சாதாரணக் கிறிஸ்தவப் பெரிய மனுஷி என்ற முடிவுக்கு வந்தார். ஃபிலிப் ஹெசல்டன் என்ற ஆய்வாளர் அதே பக்கங்களில் இயற்கை வழிபாட்டின் சாயலைக் காண்கிறார். ஒரு ஆவணம் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது, எந்தக் கேள்விக்குச் சொல்லவில்லை என்று பிரித்துக் காட்டத் தெரிந்தால் நீ பாதி நூலகர் ஆகிவிட்டாய்.

இனி காகிதம். உங்கள் நூலகத்துக்குப் பதினேழாம் நூற்றாண்டுச் சூனிய நூல் ஒன்றை வாங்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் யாராவது ஆசைப்படுவார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பார். கார்னல் பல்கலைக்கழகத்தில் அந்த வகை நூல்கள் 3,000-க்கு மேல் இருக்கின்றன. ஆம்ஸ்டர்டாமில் ரிட்மன் நூலகம் இருக்கிறது. பணமும் குளிர்பதன அறையும் உள்ளவர்கள் அதைப் பார்த்துக்கொள்ளட்டும். உன்னைத் தவிர யாரும் காப்பாற்றப் போகாதவை வேறு: 1964-இல் சூனிய ஆய்வுச் சங்கத்தின் இதழாகத் தொடங்கிச் சீக்கிரமே நின்றுபோன 'பென்டகிராம்', 1968-இல் ஒற்றைத் தாளாக ஆரம்பித்த 'கிரீன் எக்', இரவில் யாரோ வீட்டுச் சமையலறையில் சைக்ளோஸ்டைல் செய்து, ஸ்டேப்ளர் முள் அடித்து, தபாலில் அனுப்பிய செய்தி மடல்கள், கோடைத் திருவிழாவின் நிகழ்ச்சி நிரல், வகுப்பில் கொடுத்த ஜெராக்ஸ் பிரதி. இந்தச் சமயத்தின் ஓலைச்சுவடி இவைதான். கோட்டையூர் ரோஜா முத்தையா பாட்டுப் புத்தகத்தையும் நாடக நோட்டீசையும் சேர்த்துவைத்தபோது ஊர் என்ன பேசியிருக்கும் என்று நினைக்கிறாய்? இன்று அவை இல்லாமல் தமிழ்ச் சினிமா வரலாறு எழுத முடியுமா? துருப்பிடிக்கும் முள்ளை முதலில் எடுத்துவிடு. அமிலமற்ற உறையில் போடு. தேதியில்லாத தாளுக்கு அஞ்சல் முத்திரையைப் பார், இல்லாவிட்டால் கொடுத்தவரைக் கேட்டுப் பென்சிலில் குறி.

கேட்பாரில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கார்டனரின் சொத்தே சாட்சி. 1964-இல் அவர் இறந்ததும், மேன் தீவில் அவர் நடத்திய அருங்காட்சியகம் மோனிக் வில்சன் என்பவருக்குப் போனது. அவர் 1973-இல் அதை ரிப்ளி நிறுவனத்துக்கு விற்றார். 'நம்பினால் நம்புங்கள்' விந்தைக் காட்சி நடத்துவார்களே, அவர்கள்தான். பொருள்கள் காட்சிக்கூடங்களுக்குச் சிதறிப் போயின. அவற்றோடு போன காகிதங்களுக்குள் கார்டனர் கைப்பட எழுதிய சடங்குக் குறிப்பேடு ஒன்று இருந்தது. விக்கா சடங்குகள் எப்படித் திரண்டன என்பதைக் காட்டும் முதன்மைச் சான்று அது. ஏடன் கெல்லி என்பவர் அதை ஆராய்ந்து 1991-இல் நூலாகவே எழுதினார். நீ இருக்கும் டொராண்டோவிலேயே விக்கா சபை ஒன்று அந்தக் காகிதங்களை விலைகொடுத்து மீட்டது. தங்கள் பழம் ஆவணத்தைத் தாங்களே காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று.

சத்தியம் வாங்கிக்கொண்டு கொடுக்கப்பட்ட ஏடுகள் உனக்குத் தலைவலியாகும். தீட்சை பெற்றவர் மட்டுமே படிக்கலாம் என்று கையால் படியெடுத்து வைத்த 'நிழல்களின் புத்தகம்' விக்கா குழுக்கள் பலவற்றில் உண்டு. 1971-இல் லேடி ஷீபா என்பவர் அப்படி ஒன்றை அச்சில் கொண்டுவந்தபோது எழுந்த கசப்பு இன்னும் முழுக்க ஆறவில்லை. ஏட்டை ஏற்கலாமா? ஏற்கலாம், ஒரு நிபந்தனையில்: யார் திறக்கலாம், எந்த ஆண்டு முதல் எல்லோரும் திறக்கலாம் என்று கொடுப்பவரே எழுதித்தர வேண்டும். முடிவுத் தேதியில்லாத ரகசியத்தை வாங்கி வைக்காதே. அதைக் காப்பது நூலகத்தின் வேலையில்லை, குழுவின் வேலை. பூட்டிய பெட்டியை ஆர்வத்தில் நீ திறந்து பார்த்தாய் என்று ஒருமுறை தெரிந்தால் போதும், அப்புறம் உன்னிடம் யாரும் எதையும் கொடுக்கமாட்டார்கள்.

வாசகர் ரகசியத்தில் இதைவிடக் கறாராக இரு. அலுவலகத்துக்குத் தெரியாமல், கணவருக்குத் தெரியாமல் படிக்கிறவர்கள் வருவார்கள். விவாகரத்து வழக்கில் பிள்ளை யாரிடம் என்று கேட்கும்போது அம்மாவின் சமயத்தை எடுத்துப் போடுவார்கள் என்ற பயம் வெறும் கற்பனையில்லை. புத்தகம் திரும்பியதும் எடுத்தவர் பெயரை அழித்துவிடு. யார் வீட்டுக்கும் போன் போட்டு "நீங்க கேட்ட புக் வந்துடுச்சு" என்று சொல்லாதே. 2012-இல் மிசூரி மாநிலத்தில் சேலம் என்ற சிற்றூரின் பொது நூலகம்மீது வழக்கு நடந்தது. அங்கே கணினி வடிகட்டி விக்காவையும் பூர்வகுடி வழிபாட்டையும் மாந்திரீகம் என்று முத்திரை குத்தித் தடுத்துவைத்திருந்தது. மறுவருடம் தடுப்பை எடுக்க வேண்டியதாயிற்று. பொது நூலகத்தில் கேட்கக் கூசுகிறவர்கள்தான் உன்னிடம் வருகிறார்கள்.

சிறையிலிருந்தும் கடிதம் வரும். அமெரிக்காவில் விக்கா ஒரு சமயம் என்று 1986-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்புக்கொண்டதே ஒரு கைதி போட்ட வழக்கில்தான். பல சிறைகளில் கெட்டி அட்டைப் புத்தகத்தை உள்ளே விடமாட்டார்கள். மெல்லட்டைப் பிரதியோ ஜெராக்ஸோ அனுப்பு.

பகுப்பு எண்ணுக்காக ரொம்ப மல்லுக்கட்டாதே. டூயியில் 133.43 என்று பேய், ஆவி, ஜோசியத்தோடு உட்கார வைத்ததை இப்போது சமயப் பிரிவில் 299.94-க்கு மாற்றியிருக்கிறார்கள். வழிபாட்டு நூல்களை அங்கே வை. சூனியக்காரி வேட்டையின் வரலாறு பழைய இடத்திலேயே இருக்கட்டும்.

கடைசியாக, கட்டிடம். கார்ன்வாலில் பாஸ்காஸில் ஊர்ச் சூனிய அருங்காட்சியகத்துக்குள் 2004 ஆகஸ்ட் 16 அன்று வெள்ளம் சேறும் சகதியுமாகப் புகுந்தது. சேகரிப்பில் பெரும்பகுதி தப்பியது. உங்கள் நூலகம் அடித்தளத்தில் இருப்பதாக எழுதியிருந்தாயே, கீழ்த்தட்டில் எதையும் வைக்காதே. நிர்வாகக் குழுவிடம் குளிர்பதனம் கேட்பதற்கு முன் அலமாரிக்கு நான்கு கட்டை கேள். அடுத்த வாரம் கணவரை இழந்த ஒரு பாட்டி இருபது அட்டைப்பெட்டிகளோடு வரப்போவதாகச் சொன்னாயல்லவா? டீ கொடு, அவர் பேசுவதையெல்லாம் கேள். ஆனால் கொடைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்காமல் ஒரு பெட்டியையும் உள்ளே எடுக்காதே. நன்றிப் பலகையில் எந்தப் பெயரைப் போட வேண்டும், சொந்தப் பெயரா சமயப் பெயரா, பெயரே வேண்டாமா என்று அந்தப் பத்திரத்திலேயே ஒரு வரி சேர்த்து, அதையும் அவர் கையாலேயே நிரப்பச் சொல்.

அன்புடன்,
அண்ணன்