உடல்வலிக்குச் சீன வைத்தியம்

குழித்தறியில் நாள் முழுதும் குனிந்திருப்போருக்கு இடுப்பிலும் பிடரியிலும், நாற்று நடுவோருக்கு முதுகிலும் முழங்காலிலும் வலி காண்பது இயல்பு. இத்தகைய வலிகளுக்குச் சீன தேசத்தார் ஈராயிரம் ஆண்டுகளாகக் கையாண்டு வரும் முறைகளுள் நம் அங்கத்தினர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளத்தக்கவை எவை, தொடவே கூடாதவை எவை என்பதை ஈண்டு ஆராய்வோம்.

சீன வைத்தியத்துக்கு மூலநூலாக மதிக்கப்படுவது ‘ஹுவாங்டி நெய்ஜிங்’. ‘சி’ என்னும் உயிராற்றல் தேகத்தில் சில வழிகளில் ஓடுகிறது என்றும், அவ்வோட்டம் தடைப்பட்ட இடத்தில் வலி தோன்றுகிறது என்றும் அவர்கள் கொண்டனர். நம்மவர் ‘வாயுப் பிடிப்பு’ என்பதற்கு இக்கருத்து வெகு தூரமன்று. இந்நாளைய உடற்கூற்று நூலார் அவ்வழிகளை எங்கும் கண்டிலர். ஆயினும், காரணம் கூறியதில் பிழை இருப்பதனாலேயே செய்கையும் பயனற்றது என்று தள்ளிவிட முடியாது.

முதலாவது, விரலால் அழுத்துதல். அழுத்தத்தக்க இடங்களைச் சீனர் ‘சுன்’ என்னும் அளவால் குறிப்பர். ஒரு சுன் என்பது நோயாளியின் சொந்தக் கட்டைவிரலின் அகலம்; நான்கு விரல்களைச் சேர்த்த அகலம் மூன்று சுன். உயரமானவருக்கும் குட்டையானவருக்கும் ஒரே அளவுகோலை வைப்பதில்லை. நம் வர்ம வைத்தியரும் நோயாளியின் விரற்கடையால் அளப்பவரே.

இடுப்பு வலிக்கு அவர்கள் சிறப்பாகச் சொல்லும் இடம் இடுப்பில் இல்லை. முழங்காலின் பின்புறத்து மடிப்பின் நடுவில் உள்ளது. பெயர் ‘வெய்ஜோங்’. காலைச் சற்றே மடக்கி, இரு கட்டைவிரல்களாலும் ஓரிரு நிமிடம் மெதுவாக அழுத்தி விடுதல் போதும். காலில் நரம்பு சுருண்டு புடைத்திருப்போரும், ஒரு கால் மட்டும் வீங்கியிருப்போரும் இதைச் செய்யலாகாது. முழங்காற்சில்லுக்குக் கீழே நான்கு விரற்கடை இறங்கி, முன்னெலும்புக்கு வெளிப்புறம் ஒரு விரற்கடை தள்ளி இருப்பது ‘ஸூசான்லி’. முழங்கால் வலிக்கும் கால் சோர்வுக்கும் இதனை அழுத்துவர். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே சதைப்பற்றான இடம் ‘ஹெகூ’. தலைவலிக்கும் பல்வலிக்கும் உரியது. கர்ப்பிணிகளுக்கு இவ்விடத்தை அழுத்தலாகாது என்பது சீன வைத்தியரிடையே பழைய விதி.

இரண்டாவது, சூடு. ஊசி குத்தும் முறைக்குச் சீனப் பெயர் ‘ஜென்ஜியூ’ என்பதாகும். இதில் ‘ஜென்’ ஊசி, ‘ஜியூ’ சூடிடுதல். இரண்டையும் அவர்கள் ஒரே கலையின் இரு கைகளாகவே கருதினர். மாசிபத்திரி இனத்துச் செடியின் இலையை உலர்த்தி இடித்துப் பஞ்சு போலாக்கி, சுருட்டாகச் சுற்றிக் கொளுத்தி, தோலில் படாமல் வலியுள்ள இடத்துக்கு அருகே பிடிப்பர். பாவும் நூலும் பரந்து கிடக்கும் நெசவாளர் வீட்டுக்கு இந்தத் தீக்கங்கு ஏற்றதன்று. வறுத்த உப்பைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பதும் சீனரிடம் உள்ள வழக்கமே. அஃது நம் பாட்டிமாருக்குத் தெரியாத வித்தையன்று. நீரிழிவினால் கால் மரத்தவர்கள் சூட்டை உணரமாட்டார்களாகையால், அவர்களுக்கு ஒத்தடம் கொடுப்பவர் முதலில் தம் முழங்கையில் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

இனி, ஊசி. ஜெர்மனியில் நாட்பட்ட இடுப்பு வலியுள்ள 1,162 பேரை மூன்று பிரிவாக்கிச் சோதித்து 2007ல் முடிவை வெளியிட்டனர். சீன முறைப்படி ஊசி குத்தப்பெற்றவர்களுள் 47.6 சதவீதத்தினரும், சீனர் குறித்த இடங்களல்லாத இடங்களில் மேலாகக் குத்தப்பெற்றவர்களுள் 44.2 சதவீதத்தினரும், வழக்கமான மருந்தும் தேகப்பயிற்சியும் பெற்றவர்களுள் 27.4 சதவீதத்தினரும் குணம் கண்டனர். ஊசி குத்தியோர் மிகுதியும் தேறினர் என்பது உண்மை. எங்கே குத்தினும் ஏறக்குறைய ஒன்றே என்பதும் உண்மை! ஆதலால், அரிய இரகசிய இடங்கள் தமக்கு மட்டுமே தெரியும் என்று பெருந்தொகை கேட்பவரை நம்ப வேண்டுவதில்லை. மருத்துவ உலகிலும் ஒருமித்த கருத்தில்லை. 2016ல் இங்கிலாந்தின் அரசாங்க வழிகாட்டுக் குறிப்பு இடுப்பு வலிக்கு ஊசி வேண்டாம் என்றது. 2017ல் அமெரிக்க வைத்தியர் கல்லூரியோ புதிதாகக் கண்ட வலிக்கு மருந்துக்கு முன்னரே சூடு, தேய்த்துவிடுதல், ஊசி ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. ஊசியை நாடுவோர் தேர்ச்சி பெற்றவரிடம் மட்டும் செல்க. ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசி, உறை பிரிக்கப்படாமல் நம் கண்முன் பிரிக்கப்படுவதாக இருத்தல் வேண்டும். மார்பிலும் தோளிலும் ஆழக் குத்தி நுரையீரலைத் துளைத்துவிட்ட விபத்துக்களும் நேர்ந்துள்ளன.

உள்ளுக்குக் கொடுக்கும் மருந்தே நாம் அஞ்ச வேண்டியது. பெல்ஜியம் தேசத்தில் உடல் மெலிவதற்கெனச் சீன மூலிகை உண்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டமை 1993ல் வெளியாயிற்று. பின்னர் இவ்வாறு கெட்டவர் தொகை நூற்றுக்கும் மேலாயிற்று. மூட்டு வலிக்கும் வீக்கத்துக்கும் சீனர் வழங்கும் ‘ஃபாங்ஜி’ வேருக்குப் பதிலாக, பெயரொத்த வேறொரு செடியின் வேர் கலந்துவிட்டதே காரணம். அச்செடி நம் ஆடுதின்னாப்பாளையின் இனத்தது.

மூட்டு வலி மருந்துகளில் அவர்கள் சேர்க்கும் மற்றொன்று நாவிக்கிழங்கு. ஊறவைத்தும் நெடுநேரம் கொதிக்கவைத்தும் நஞ்சைக் குறைத்த பின்னரே சீனர் அதனை வழங்குவர். நம் சித்தரும் சுத்தி செய்யாது தொடமாட்டார். மேலே தேய்ப்பதற்கென மதுவில் ஊறவைத்ததைக் குடித்து மாண்டவர்கள் சீனத்திலேயே உண்டு. பெயர்ச்சீட்டு இல்லாத வலி மாத்திரைகளில் ஸ்டீராய்டு மருந்து மறைத்துக் கலக்கப்பட்டிருத்தலும் பன்முறை கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. இத்தகைய மருந்தை உண்டபின் உதடும் நாவும் மரத்து, நெஞ்சு படபடத்தால், மீதியிருக்கும் மருந்தையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்க.