கைப்பொருள் காட்டும் உறவு

எழுத்தறியா மக்களின் வரலாற்றை எதனால் அறிவது? அவர் விட்டுச் சென்ற கல்லும் எலும்புமே சான்று. குகைச் சுவரில் தீட்டிய ஓவியம் தீட்டிய இடத்திலேயே நிற்கும். கையிற் கொண்டு செல்லத்தக்க சிறு செதுக்குப் பொருளோ உடையவனோடு மலையும் ஆறும் கடக்கும். ஆதலின், பண்டை வேட்டுவர் குழுக்களிடையே நிலவிய தொடர்பை ஆராய்வார்க்குச் சுவரோவியத்தினும் இச்சிறு பொருளே பெருந்துணையாம்.

பிரான்ஸ் நாட்டின் தென்னெல்லையில் பிரனீஸ் மலைத்தொடர் உள்ளது. ஏறத்தாழ 16,000 ஆண்டுகளுக்கு முன், குளிர் மிக்கிருந்த காலத்து, அதன் அடிவாரக் குகைகளில் வேட்டுவர் வாழ்ந்தனர். அவர்தம் கருவிகளுள் ஒன்று ஈட்டி எறிகோல். கோல் நுனியிலுள்ள கொக்கியில் ஈட்டியின் அடியைப் பொருத்தி வீசுவர். கை நீண்டாற்போல ஆதலின் ஈட்டி விரைந்து பாயும். மாஸ் தசீல் என்னும் குகையில் 1940ஆம் ஆண்டு இத்தகைய கோல் ஒன்றைக் கண்டெடுத்தனர். பனிநாட்டு மானின் கொம்பாலான அதன் முனையில் விலங்கின் இளங்குட்டி ஒன்று நிற்கிறது. அது தலையைத் திருப்பித் தன் பின்புறத்தை நோக்குகிறது. ஆங்கே பறவைகள் அமர்ந்துள்ளன. காண்பார்க்கு நகை விளைக்கும் காட்சி! வியப்பு யாதெனில், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெதெயாக் குகையிலும் அவ்வாறே திரும்பி நோக்கும் குட்டியும் பறவையும் அமைந்த கோல் கிடைத்தது. வேறு குகைகளிலும் அவ்வடிவின் உடைந்த துண்டுகள் கிடைத்துள்ளன.

இவை தனித்தனியே தோன்றியிருத்தல் கூடாதோ எனின், கூடாது என்பதே எம் கருத்து. கொக்கி தேவையால் வருவது. இரண்டு இடங்களில் இருவர் அதனைத் தாமே கண்டறிதல் இயலும். பின்னோக்கும் குட்டியும் பறவையும் எத்தேவையால் வந்தன? ஒருவர் செய்ததை மற்றவர் கண்டிருத்தல் வேண்டும். அன்றேல் இருவரும் ஒரே கதையைக் கேட்டிருத்தல் வேண்டும்.

குதிரைத்தலைப் பதக்கங்கள் இன்னும் தெளிவான சான்று. குதிரையின் நாவடியிலுள்ள மெல்லிய எலும்பு இயல்பாகவே ஒரு விலங்கின் தலையை ஒத்தது. அதன் ஓரத்தைச் செதுக்கிக் கண்ணும் நாசியும் கீறினர். தொங்கவிடத் துளையும் இட்டனர். பிரனீஸ் குகைகள் பலவற்றிலும், மேற்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் அப்பால் ஸ்பெயின் நாட்டு அஸ்துரியாஸ் பகுதியிலும் இவ்வேலைப்பாடு காணப்படுகிறது. லபாஸ்தீத் குகையில் மலையாட்டினத் தலைகள் பதினெட்டும் காட்டெருதின் தலை ஒன்றும் ஒருசேரக் கிடைத்தன. ஆரமாகக் கோத்து அணிந்தனர் போலும்.

அக்காலத்து மக்கள் மிகச் சிலர். வேட்டை பொய்த்த ஆண்டில் அயற்குழுவின் காட்டில் இடம் வேண்டும். மக்கட்கு மணம் முடிக்கவும் அயற்குழு வேண்டும். முன்பின் அறியாதார் எதிர்ப்பட்ட பொழுது, தம்மிடத்துள்ளது போன்ற குதிரைத்தலை அவர் மார்பிலும் தொங்கக் கண்டால், ஓங்கிய ஈட்டி சற்றே தாழ்ந்திருக்கும் அன்றோ? பதக்கம்தான் அவ்வளவு தொலைவு சென்றதோ? குதிரை எலும்பு ஆங்காங்கே கிடைப்பதாகலின், பொருளினும் செதுக்கும் முறையே மிகுதியும் பயணம் செய்தது எனலாம். அம்முறையோ தொலைவிலிருந்து கண்டு கற்கத்தக்கதன்று. கற்பான் ஒருவன் செதுக்குவான் அருகே, ஒரே தீயின் ஒளியில், பல நாள் அமர்ந்திருத்தல் வேண்டும்.